முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை

மோர்னிங்சைட், ஸ்காபரோ, கனடா
12.05.1996

அன்பின் சுபாங்கி மச்சாளுக்கு,

இங்கே குளிர் இந்த வருடம் மே மாதத்திலும் போக மனமில்லாமல் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ. அண்ணாவும் நானும் சுகம். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் சாப்பாடு உங்களுக்கும் மாமிக்கும் ஒத்துக்கொள்கிறதா? மாமியின் முட்டு வருத்தம், அந்த மூச்சிழுப்பு, இப்போது எப்படி?

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. அம்மா அதைக் காந்தம் வைத்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டா. பால் எடுக்கப் போனாலும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். படம் பிடித்தவர் ஏன் உங்களைப் பூச்சாடிக்குப் பின்னால் நிறுத்தினார் என்று தெரியவில்லை. பாதிப் படம் பிளாஸ்டிக் பூ. மற்றப்படி நல்ல வடிவு. உங்களைக் கலியாணத்துக்குக் கூப்பிட அண்ணா போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. இனி உங்கள் பக்கத்து நேர்முகம்தான்.

என் செய்தி. பல்கலைக்கழகச் சோதனை முடிந்தது. அடுத்த மாதம் பட்டமளிப்பு. எங்கள் இரண்டு பக்கத்திலும் இதுதான் முதல் பட்டம் என்று அம்மா கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டா. எனக்கு லிப்ட்டில் ஏறவே கூச்சமாக இருக்கிறது. ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலையும் கிடைத்துவிட்டது. அங்கே நான் ஒரு நாளில் பேசுவதை ஒரு முத்திரையின் பின்பக்கத்தில் எழுதலாம்.

நான் ஆவலாகப் பார்த்திருப்பது ஞாயிற்றுக்கிழமையைத்தான். அண்ணாவோடு வேலை செய்யும் அகஸ்ரின் அண்ணை எங்களை ஒரு துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறார். விட்பியையும் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. துவக்கு என்றவுடன் பயப்படாதீர்கள். இங்கே இது ஒரு விளையாட்டு. பொலிசில் பதிந்து, வகுப்புக்குப் போய், அனுமதி எடுத்துத்தான் தொடலாம். தூரத்தில் ஒரு கடதாசி, அதில் கறுப்பு வட்டம். எல்லோரும் காதை மூடிக்கொண்டு நிற்பார்கள். யாரும் யாரோடும் கதைப்பதில்லை. நான் போன இடங்களில், கதைக்காமல் நிற்பவளை ஒரு மாதிரிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். மச்சாள், எனக்கு இது நன்றாக வருகிறது. எனக்கே ஆச்சரியம்.

ஒரே கரைச்சல், கழகத்துத் துவக்கு ஒன்பது இறாத்தல். பத்துச் சூட்டுக்குப் பிறகு என் இடக் கை நடுங்கத் தொடங்கிவிடும். இதை அண்ணா கவனித்திருக்கிறார். மில்லிக்கனில் அவருடைய வேலைத்தளத்தில் முதலாளியிடம் அனுமதி கேட்டு, வேலை முடிந்த பிறகு லேத்தில் நின்று ஒரு புதுத் துவக்கு செய்கிறார். பறவைக்கும் மிருகத்துக்கும் இல்லை, கடதாசிக்கு மட்டும். குழலைச் சட்டம் விடுகிற ஆகக் குறைந்த நீளத்தில், பதினெட்டு இஞ்சிக்குச் சற்று மேலே நிறுத்தியிருக்கிறார். அதற்குக் கீழே போனால் குற்றம். தோளில் வைக்கும் கட்டை மேப்பிள் மரம். அதையும் உள்ளே குடைந்து பாரத்தை எடுக்கிறார். முழுவதும் ஐந்து இறாத்தலுக்குள் வர வேண்டுமாம். கிழமையில் இரண்டு நாள் அந்தக் கட்டையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துப் பார்ப்பார், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், பென்சிலால் கீறுவார். நான் தையல்கடைப் பொம்மை மாதிரி நிற்பேன்.

நேற்று அம்மா, "உது ஆருக்கு மேனை?" என்று கேட்டா. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நின்றேன். அண்ணா என் பக்கம் தலையை ஆட்டி, "உவவுக்குத்தான்" என்றார்.

உவவுக்கு. பிறந்த நாளிலிருந்து நான் அவருக்கு மரியாதையில்லாத 'உவள்'தான். பட்டம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யோசித்திருக்கிறேன். இதைச் செய்யும் போலிருக்கிறது.

உங்கள் விசாவுக்காகத் தினமும் பிள்ளையாரைத் தொந்தரவு செய்யும்,
நிலாணி


வெள்ளவத்தை
10.06.1996

அன்பின் நிலாணி,

அம்மாவின் முட்டு பரவாயில்லை. மாமியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு.

உன் கடிதம் ஓரம் பிரித்து, திரும்ப ஒட்டித்தான் வந்தது. லொட்ஜில் கிழமைக்கு இரண்டு தரம் ஆமி சோதனை. அந்தச் சொல்லை இனி எழுதாதே. இங்கே அது விளையாட்டில்லை. தையல் மெசின் என்று எழுது.

பட்டத்துக்கு வாழ்த்து. கறுப்பு அங்கி போட்ட படம் ஒன்று அனுப்பு. பேனை சரியில்லை. குறை நினையாதே.

சுபாங்கி


மோர்னிங்சைட்
07.07.1996

அன்பின் மச்சாளுக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது. அம்மா நல்லெண்ணெய் பூசுகிறா, வீடெல்லாம் மணக்கிறது. நீங்கள் இருவரும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்களா?

என் முட்டாள்தனத்தால் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைக்கவே பயம். மன்னித்துக்கொள்ளுங்கோ. இனித் தையல் மெசின்தான். ஞாயிற்றுக்கிழமை போவது தையல் வகுப்பு.

மெசினைப் பற்றி ஒரு திருத்தம் எழுத வேண்டும். அது எனக்கில்லை.

மெசினின் மேப்பிள் பலகையை மினுக்கிக்கொண்டிருந்த அண்ணாவிடம், பிடிக்கிற இடம் எனக்குக் கொஞ்சம் தடிப்பு என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கோ? நீ கிளப் சாமானோட நல்லாத்தானே செய்யிறாய். இது சுபாங்கிக்கு" என்றார். அன்றைக்கு 'உவவுக்குத்தான்' என்று சொன்னீர்களே என்றேன். "ஓம், உவவுக்குத்தான்" என்று திரும்பவும் தலையை ஆட்டினார். இந்த முறை அவர் தலையாட்டிய திசையில் நான் நிற்கவில்லை. அங்கே பிரிட்ஜ் கதவு இருந்தது. கதவில் நீங்கள் இருந்தீர்கள்.

ஆக, அன்றைக்கு நான் இடையில் நின்றிருக்கிறேன். மரியாதை என்னைக் கடந்து உங்களிடம் போயிருக்கிறது. இதில் சிரிக்கத்தான் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு மிகவும் சந்தோசம். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று அண்ணா நினைக்கிறார். அதனால்தான் என் தோளில் வைத்துப் பார்த்தாராம். நீங்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ஊரில் கேட்ட சத்தம் வேறு, இது வேறு என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டுமாம். காரில் முன்சீற்றில் இரண்டு பேருக்குத்தான் இடம். பின்சீற்றிலும் வசதிதான், நான் படித்துக்கொண்டு போகலாம்.

ஒன்று கேட்கலாமா? சின்னனில் என் கொப்பிகளுக்கு எல்லாம் நீங்கள்தான் பெயர் எழுதித் தருவீர்கள். கையெழுத்துக்குப் பரிசு எடுத்த ஆள். இப்போது எனக்கு வருவது காற்றில் சாய்ந்த வேலி மாதிரி இருக்கிறது, அதுவும் எட்டு வரி. நல்ல கையெழுத்தும் நீளக் கடிதமும் அண்ணாவுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். அதுவும் சரிதான்.

படம் இன்னும் கழுவி வரவில்லை.

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதும்,
நிலாணி


வெள்ளவத்தை
04.08.1996

அன்பின் நிலாணி,

எல்லோரும் சுகம் என்று அறிந்து ஆறுதல். எங்களுக்கும் குறைவில்லை.

மெசினை நீயே வைத்துக்கொள். எனக்குத் தையல் வராது. அத்தானிடம் நீ சொல்லிவிடு, நான் சொன்னால் மனம் நோவார்.

படம் வந்ததா?

சுபாங்கி


மோர்னிங்சைட்
25.08.1996

அன்பின் மச்சாளுக்கு,

அம்மா, அண்ணா, நான் மூவரும் சுகம். மாமிக்குப் புது மருந்து எழுதிக் கொடுத்ததாக அண்ணா சொன்னார். அது பிடித்ததா?

நீங்கள் சொன்னதை அண்ணாவிடம் சொன்னேன். மனம் நோகவில்லை. "பாவம், வெக்கப்படுறா" என்றார். நான் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் சொன்னால் அது வெட்கம்.

அவர் இப்போது தையல் வகுப்புக்கு வருவதில்லை. ஞாயிறும் மில்லிக்கனில்தான். நான் அகஸ்ரின் அண்ணையின் காரில் போகிறேன். அவர் போகும்போதும் வரும்போதும் மீன்பிடியைப் பற்றிச் சொல்லுவார். மெசினின் விசை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்று அண்ணா மூன்று கிழமையாக யோசிக்கிறார். சுபாங்கிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது ஒரு அளவு கேட்க. பலகையைக் கடைசியாக வெட்டும் முன் ஆளின் கை அளவு வேண்டுமாம். வலக் கையை மடித்து, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை. பொம்பிளைகளுக்குள் எழுதிக் கேள் என்று என்னிடம் விட்டுவிட்டார். எப்படி எடுப்பது என்று காட்ட, என் கையை அளந்த நூலை இதோடு வைத்திருக்கிறேன். நீல நைலோன் நூல், இரண்டு முனையிலும் முடிச்சு. பிரியாமல் இருக்க அம்மா நெருப்புக் குச்சியால் கருக்கிவிட்டா. இதைப் போல ஒன்று உங்கள் கைக்கு எடுத்து அனுப்புங்கோ. என் கை உங்கள் கையைவிடக் கட்டையாகத்தான் இருக்கும், எல்லாவற்றிலும் போல.

அண்ணா ஒரு பகிடியும் எழுதச் சொன்னார். சுடுகிற விரல் என்றபடியால்தான் அதற்குச் சுட்டுவிரல் என்று பெயராம். நான் சிரிக்கவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று சொல்கிறார்.

அளவுக்குக் காத்திருக்கும்,
நிலாணி


மோர்னிங்சைட்
06.10.1996

அன்பின் மச்சாளுக்கு,

இலைகள் நிறம் மாறிவிட்டன. உங்கள் சுகம் தெரியாமல் இதை எழுதுகிறேன். லொட்ஜில் பிரச்சினை ஒன்றும் இல்லை, கம்யூனிகேசன் கடையிலிருந்து போன் எடுத்தீர்கள் என்று அண்ணா சொன்னார். அதனால் சுகம் என்றே நினைக்கிறேன்.

ஒரு துண்டு நூல் வெட்ட இவ்வளவு நாள் எடுக்குமா? அண்ணா தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். பலகை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடக்கிறது. என்னிடம் கோபப்படுகிறார், நான் சரியாக எழுதவில்லையாம். போனில் கேளுங்கோ என்றேன். கேட்டாராம், "அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு மாமியிடம் போனைக் கொடுத்துவிட்டீர்களாம். பெரிய இடத்துப் பிள்ளைக்கு அளவு எடுக்கவும் நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பகிடிக்கு எழுதுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் வகுப்பில் போட்டி நடந்தது. கழகத்தின் அந்த ஒன்பது இறாத்தல் இரும்போடு நின்று இரண்டாவதாக வந்தேன். ஒரு சின்னக் கிண்ணம் தந்தார்கள். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் வந்து கை கொடுத்தார். அண்ணா வரவில்லை. கிண்ணத்தைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். அது உயரத்தில் இருப்பதால் ஒருவருக்கும் கண்ணில் படாது. கதவில் இருப்பதுதான் படும்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

நிலாணி


வெள்ளவத்தை
27.10.1996

அன்பின் நிலாணி,

சுகம். நீயும் மற்றவர்களும் சுகமாயிருக்க வேண்டும்.

அளவு இத்துடன்.

கிண்ணத்துக்கு என் வாழ்த்து. கழுவின படம் எங்கே?

சுபாங்கி


மோர்னிங்சைட்
01.12.1996

அன்பின் மச்சாளுக்கு,

பனி விழுகிறது. எங்கள் மூவருக்கும் தடிமன், வேறொன்றுமில்லை. மாமிக்கு மழைக்காலம் ஒத்துக்கொள்ளாதே, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ.

நூல் கிடைத்தது. அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் அதை என் கையோடு வைத்துப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. மச்சாள்மாரெல்லோ" என்று சிரித்தார். அன்றைக்கே பலகையை வெட்டிவிட்டார்.

அது நீல நைலோன் நூல். இரண்டு முனையிலும் முடிச்சு. முனைகள் கருகியிருந்தன. வலப்பக்க முடிச்சு நான் போட்டது, இடப்பக்கம் அம்மா போட்டது. அம்மா எப்போதும் ஒரு சுற்றுக் கூடப் போடுவா.

என் நூலையே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம். அளக்கவும் மனமில்லாமல் அனுப்பியிருக்கிறா, அவ்வளவு இளக்காரம் என்று நினைத்தேன். பிறகு, சொன்னால் சொல்லத்தானே வேண்டும், சந்தோசம் வந்தது. மெசின் என் அளவுக்கு வெட்டப்படுகிறது, உங்களுக்குப் பொருந்தாது, ஒரு நாள் அது எனக்கு வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

அந்தச் சந்தோசத்தோடு பால் எடுக்கப் போனேன். பிரிட்ஜ் கதவில் பூச்சாடி. அண்ணாவின் மேசையில் இருக்கும் மற்றப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் உங்கள் வலக் கை சேலைத் தலைப்புக்குள் இருக்கிறது. ஒன்றில் மாமியின் முதுகுக்குப் பின்னால். பிறகு உங்கள் கடிதங்களை எடுத்தேன். எழுத்து எல்லாம் சாய்ந்திருப்பது ஒரே பக்கத்துக்கு. கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைப் பிள்ளை இடக் கையால் எழுதுவா, அவவின் எழுத்தும் அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் அது சின்னனிலிருந்து பழகின எழுத்து.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் இடக் கையின் அளவை அனுப்புங்கோ, மச்சாள். நூல் நீங்களே தேடி எடுங்கோ. அவசரமில்லை.

நிலாணி


வெள்ளவத்தை
12.01.1997

அன்பின் நிலாணி,

பொங்கலுக்கு முன் இது உனக்குக் கிடைக்காது என்று தெரியும். உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. அம்மா இரண்டு கிழமை படுத்திருந்து இப்போதுதான் எழும்பினா.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதினால் கை விறைத்துவிடும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அந்த மழை உனக்கும் தெரியும், செய்தியில் காட்டியிருப்பார்கள். பாலம் தாண்டி, சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நான் வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். ஷெல் எனக்குக் கிட்ட விழவில்லை, தூரத்தில்தான் விழுந்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். வலக் கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. மற்றவை இருக்கின்றன. ஆறிவிட்டது.

அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. கனடாவில் போய் இறங்கிய பிறகு தெரியட்டும், அப்போது திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று சொல்கிறா. பூச்சாடியும் அவவின் யோசனைதான். நான் ஒத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மெசினைத் தொடப் பயம் என்று எழுதியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பீர்கள். அது பொய்யுமில்லை. ஆனால் அதை எழுதினால் உண்மையான காரணத்தை அதற்குப் பின்னால் ஒளிப்பது போல இருந்தது. இன்னொரு பூச்சாடி. அதனால் ஒன்றும் எழுதாமல் விட்டேன். அத்தானுக்கும் நாலு வரிக்கு மேல் நான் எழுதினதில்லை. உன் நூல் வந்தபோது அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து வந்து, முடிச்சு வெறும் இடத்தில் நின்றது.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் கடிதங்கள் மூன்று பக்கம், நான்கு பக்கம் வரும். ஒரே இரவில் எழுதியிருப்பாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்கு எரிச்சல் வரும். பல்கலைக்கழகம் எனக்கும் கிடைத்தது, ஒரு வருடம் போனேன். உன் பட்டப் படத்தை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் இன்னும் எரியும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அத்தானிடம் நீ சொல்லலாம். சொன்னால் உன்னைக் கோபிக்க மாட்டேன். நீ என் எழுத்தைப் பார்த்தாயே, வேறு ஒருவரும் பார்க்கவில்லை.

சுபாங்கி


மோர்னிங்சைட்
02.02.1997

அன்பின் மச்சாளுக்கு,

மாமி எழும்பி நடக்கிறா என்று அறிந்து நிம்மதி. நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று தரம் வாசித்தேன்.

நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது கோள். நீங்கள் எழுதினால் அது கடிதம். அண்ணாவுக்கு நீங்களே எழுதுங்கோ, பன்னிரண்டு வரி போதும். மாமிக்குத் தெரிய வேண்டாம். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுத ஆசை, ஆனால் அவர் ஒரு மெசினை ஆருக்குச் செய்கிறார் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

உங்கள் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அது போய்விடும் என்று நினைத்தேன். முழுதாகப் போகவில்லை. நேற்றும் அவர் உங்கள் மெசினுக்கு எண்ணெய் பூசும்போது பார்த்துக்கொண்டு நின்றேன், நெஞ்சில் பழையபடி சுட்டது. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இடக் கையால் தைக்கிறவர்கள் எங்கள் வகுப்பில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலக் கை கீழே இருந்து தாங்கினால் போதும். பிடிக்கத் தேவையில்லை.

உங்கள்,
நிலாணி


வெள்ளவத்தை
09.03.1997

அன்பின் நிலாணி,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு நித்திரை இல்லை. மற்றப்படி சுகம்.

அத்தானுக்கு எழுதிவிட்டேன். கிடைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சனியும் போன் எடுப்பவர் இப்போது எடுப்பதில்லை. நான் எடுத்தால் மாமி கதைக்கிறா, அவர் வேலையாம். அம்மா ஏன் என்று கேட்கிறா. என்ன நடக்கிறது என்று உண்மையை எழுது. அவர் முகம் எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

இடக் கை அளவு இத்துடன். வெள்ளை நூல், லொட்ஜில் அதுதான் இருந்தது. தைப்பேனோ தெரியாது. அவர் மாட்டேன் என்றால் எறிந்துவிடு.

சுபாங்கி


மோர்னிங்சைட்
30.03.1997

அன்பின் மச்சாளுக்கு,

இன்றைக்குத் தடிமன், முழங்கால் ஒன்றும் எழுதவில்லை. நேராக விசயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அண்ணா அதைச் சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று வாசித்தார். சட்டைப் பையில் வைத்தார். சாப்பிட்டார். அதன் பிறகு மூன்று கிழமை வீட்டில் அவர் பேசியது என்னைவிடக் குறைவு. அம்மா வேலை போய்விட்டது என்று நினைத்தா. எனக்குத் தெரியும், ஆனால் கேட்கப் பயம். அவர் என்ன சொல்வாரோ என்ற பயம்தான்.

போன ஞாயிறு அவரே என்னை எழுப்பி, வகுப்புக்கு வா என்றார். காரில் முன்சீற்றில் இருந்தேன்.  அங்கே போய் உறையைத் திறந்து, முடிந்த மெசினை எடுத்து என் கையில் வைத்தார். மினுங்கும் மேப்பிள், பிடியில் பச்சை நூல் சுற்று. பச்சை உங்களுக்குப் பிடித்த நிறம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"உது உனக்கு" என்றார்.

மச்சாள், ஒரு வருடமாக நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது. அது வந்தபோது சந்தோசம் வரவில்லை. உங்களுக்கென்று செய்ததை எனக்குத் தருகிறார் என்றால், உங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டார். அப்படித்தான் விளங்கியது. தோளில் வைத்தேன். என் நூலின் அளவு, அப்படியே பொருந்தியது. அவ்வளவு பாரமில்லாத சாமானை நான் தூக்கியதில்லை. ஒரு தையலும் வட்டத்துக்குக் கிட்டப் போகவில்லை. கண் நிறைந்திருந்தால் வட்டம் தெரியாது.

திரும்பி வரும்போது, விட்பி வெளியேறும் பாதைக்குக் கிட்ட, எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "மச்சாளை விட்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஆர் சொன்னது? விரல் இல்லாத பிள்ளையிட்டை விரலின்ர அளவு கேட்டிருக்கிறன். 'சுடுகிற விரல்' எண்டு பகிடி வேற விட்டிருக்கிறன். போனிலயும் கேட்டு நெருக்கியிருக்கிறன். என்ன முகத்தோட போன் எடுக்கிறது?"

அவ்வளவுதான், மச்சாள். மூன்று கிழமையும் அவ்வளவுதான். நீங்கள் அங்கே நித்திரை இல்லாமல் இருந்தீர்கள், இவர் இங்கே வெட்கத்தில் இருந்தார். இந்த முறை உண்மையான வெட்கம். எனக்கு ஏன் மெசினைத் தந்தீர்கள் என்று கேட்டேன். "அது வலக் கைக்காரற்றை. அவவுக்கு எப்பிடிக் குடுக்கிறது? இழுக்கிற போல்ட் இடப்பக்கம் உள்ளது ஒண்டு தேடிப் பிடிச்சிருக்கிறன். அளவுதான் கேக்கத் துணிவில்லை" என்றார். என் கைப்பையில் உங்கள் வெள்ளை நூல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதை விரலில் சுற்றி வைத்திருந்தார். பிறகு காரை எடுத்தார்.

அம்மாவுக்கு அன்றிரவே அவர் சொல்லிவிட்டார். அம்மா அழுதா. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பிள்ளை சோறு எந்தக் கையால சாப்பிடுறா?" என்று கேட்டா. கரண்டி வாங்க வேண்டுமாம். மாமியைக் கோபிக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இந்தச் சனி, இது கிடைக்கும் முன்பே, உங்களுக்குப் போன் வரும். பகிடி விட மாட்டார்.

என் பட்டப் படம் இத்துடன் வருகிறது. எப்போதோ கழுவி வந்துவிட்டது. உங்களுக்கு எரிந்தால் எரியட்டும்.

எனக்கும் எரிய ஒன்று இருக்கிறது. உங்கள் மெசின் நாலரை இறாத்தல்தான் வருமாம். என்னுடையதைவிட அரை இறாத்தல் குறைவு. முதல் மெசினைச் செய்யும்போது தெரியாத வித்தை இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று குசினியில் நின்று கேட்டேன். அண்ணா என் பக்கம் தலையை ஆட்டி, "உவவுக்கெல்லோ" என்றார்.

இந்தத் தரம் நான் பிரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அரை இறாத்தல் எரிச்சலோடும் மிச்சம் அன்போடும்,
உங்கள் நிலாணி